காப்பு கட்டிய கையில் ஸ்டியரிங்

டிராக்டர் ஓட்டுகிறவரை வெயிலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டால் நான் வாய் வலிக்கச் சொல்வேன். கருக்கலில் வண்டியை எடுத்து, வெயில் உச்சிக்கு ஏறும் முன் நிழலில் நிறுத்திவிட வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை போட வேண்டும். தலையில் நனைத்த துண்டு, அது காயக் காய மறுபடி நனைக்க வேண்டும். சீட்டின் மேல் ஈரச்சாக்கு. உப்புப் போட்ட மோர், பெரிய கேன் நிறையத் தண்ணீர். தாகம் எடுத்த பிறகு அல்ல, எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். தலை கனத்தால், கண் இருட்டினால் அந்த நிமிஷமே இறங்கிவிட வேண்டும். சாலையில் நடந்து போகிறவனுக்கு ஒரு வெயில்தான். டிராக்டர்காரனுக்கு மேலே சூரியன், முன்னால் என்ஜின், கீழே வெந்த மண். பானட்டிலிருந்து வருகிற அனலில் முழங்கால் இரண்டும் வெந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், கடைசியில் தீமிதி. தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வார்கள். கட்டிய பிறகு செருப்புப் போடக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. சாப்பாடு ஒரு வேளைதான். சிலர் இன்னும் கடுமையாக, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. இதையும் அரைகுறையாகச் செய்யவில்லை.

வேண்டுதல் எனக்காக. அதற்கு முந்தின வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் பிழைத்து வீட்டுக்கு வந்தால் தீ மிதிக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அம்மனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

திருவிழாவில் அம்மன் ஊர்வலம் போகும் டிரெய்லரை இழுப்பது எங்கள் டிராக்டர்தான். சீரியல் விளக்குத் தோரணம் கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று சீட்டுக்கு மேலிருந்த டாப்பைக் கழற்றிக் கோயில் சுவரில் சாய்த்து வைத்தார்கள். திருவிழா முடிந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஆக, கத்திரி வெயிலில் அவர் தலைக்கு மேல் இருந்த தகரமும் போயிற்று.

அதற்குள் ஒரு மழை பெய்தது. கோடை மழை பெய்தால் ஊருக்கே சந்தோஷம், டிராக்டர்காரன் வீட்டுக்குப் பேஜார். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும், விட்டால் மண் பாறையாகிவிடும். எல்லாருக்கும் அன்றைக்கே வண்டி வேண்டும். போன் ஓயாமல் அடித்தது. மழை விட்ட மறுநாள் வெயில் இன்னும் மோசம். புழுக்கத்தில் வியர்வை ஆறாமல் உடம்பிலேயே நிற்கும். வெறுங்காலோடு வண்டியில் ஏறியவரை வழிமறித்தேன். மோராவது குடியுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன்.

"காப்பு கட்டிகினு வாய நனைக்கிறதா? சாயங்காலம் குடிக்கப் போறேன். நீ சும்மா இரு" என்றார்.

நான் கட்டிவிட்ட கேனை அவிழ்த்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் நான் நெசவுக்காரர் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் பைக்கில் வந்து நின்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"அண்ணி, ஜல்தி வா. அண்ணன் மேல அம்மன் வந்திருக்கா."

எனக்கும் முதலில் உடம்பு சிலிர்த்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே.

களம்பூர் ரோட்டு ஓரத்து நிலம். டிராக்டர் வரப்பில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் மண் கிளறுகிற ரொட்டவேட்டரை நல்லவேளையாக யாரோ நிறுத்தியிருந்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கி, மஞ்சள் வேட்டியோடு தள்ளாடிக்கொண்டிருந்தார். கண் மேலே செருகியிருந்தது. சுற்றிலும் ஜனம் கைகூப்பி நின்றது. கற்பூரம் எரிந்தது. அந்த வெயிலில், எரிகிற உடம்புக்கு முன்னால் கற்பூரம். நிலத்துக்காரர் குனிந்து, என்ன குறை வைத்தோம் தாயே, மழையை இன்னும் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நிலத்து நடவு ஆள்கள் வரிசையில் நின்று வேப்பிலையால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

கிட்டே போய்க் கேட்டேன். "லிப்ட்ட தூக்கு... வரப்பு வருது... லிப்ட்ட தூக்கு" என்று முனகிக்கொண்டிருந்தார். வரப்பு வந்தால் ரொட்டவேட்டரை மேலே தூக்குகிற லிவர்தான் லிப்ட். கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது.

"இது சாமி இல்ல. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. சாமி வந்தவரைத் தொட்டுத் தூக்கக் கூடாதாம். காப்பு கட்டியவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் ராத்தங்க நேருமாம், அதனால் பூசாரி வந்து முதலில் காப்பை அவிழ்க்க வேண்டுமாம். பூசாரிக்கு ஆள் போயிருக்கிறதாம். சாமி வரப்பைப் பற்றியும் லிப்டைப் பற்றியுமா பேசும் என்று கத்தினேன். பொம்பளை பயத்தில் உளறுகிறாள் என்று என்னைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். என் கொழுந்தனும் ஒரு கையைப் பிடித்திருந்தான். அம்மனைக் குளிர்விக்க வேண்டும் என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஊற்றி முடித்து மறுபடி குறி கேட்டார்கள். அப்போதுதான் அவர் விழுந்தார், கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். பூசாரியும் வரவில்லை, காப்பையும் யாரும் அவிழ்க்கவில்லை, ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆரணியில் ஐஸ் வைத்து, ஈரத்துணி சுற்றி, வேலூருக்கு அனுப்பினார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது அவர் உள்ளங்காலைப் பார்த்தேன். கிளட்ச் இரும்பு பட்ட இடமெல்லாம் கொப்புளம். தீ மிதிப்பதற்கு முன்பே மிதித்து முடித்திருந்தார்.

உயிர் வந்துவிட்டது. ஆனால் உடம்புச் சூட்டில் மூளையின் ஒரு பக்கம் கெட்டுவிட்டது, நடையையும் பேச்சையும் பிடித்து வைத்திருக்கிற இடம் அதுதான் என்று டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார். அந்த ஒரு குடம் தண்ணீர்தான் உயிரையாவது பிடித்து வைத்தது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் தண்ணீரில் வந்து அம்மன் காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். டாக்டரே சொன்னதாகச் சொல்கிறார்கள். பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

டிரெய்லரோடு சந்துக்குள் ரிவர்ஸ் வருகிற மனுஷன் அவர். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். டம்ளரை அவர் கையில் கொடுத்தால் பாதி சட்டையில் போகும், நான்தான் வாயில் வைத்துக் குடிக்க வைக்கிறேன். பேச்சு ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து வரும். ஆயாசத்தில் பாதியிலேயே விட்டுவிடுவார். எனக்காகத்தான் இப்படி ஆனார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால்கூடத் தேவலை. அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இப்போது சொல்வதில்லை.

அன்று முதல் வண்டியை ஓட்டுவது கொழுந்தன்தான். நல்லவன். அண்ணனை முதுகில் தூக்கிப் போய் வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டி வருகிறவன். இந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றான். கையில் காப்பு. அண்ணன் எழுந்து நடக்க வேண்டும், அதற்குத்தான் என்றான். அண்ணன் இருந்த மாதிரியே பொழுது சாயும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்றும் வேண்டியிருக்கிறானாம். டிராக்டரின் டாப்பு மறுபடி கோயில் சுவரில் சாய்ந்திருந்தது. என் காலில் விழுந்தான்.

கத்தினேன், அழுதேன், சாவியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். அவன் பொறுமையாக எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் வைத்திருக்கிற பாசம் இப்படித்தான் ஆள் ஆளாகக் காவு வாங்கிக்கொண்டு போகிறது.

நேற்று ராத்திரி மழை பெய்தது. விடிவதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. கேனை நிரப்பி, ஈரச்சாக்கைச் சுற்றி, டூல் பாக்ஸ் பக்கத்தில் நானே கட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். தம்பியின் சட்டையைப் பற்றினார். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"தண்ணி... குடிச்சிகினே... ஓட்டுடா."

அவனுக்கு நன்றாகவே விளங்கியது. கண் கலங்கினான். அண்ணன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உனுக்காகத்தாண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பகல் முழுக்க அவர் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. டிராக்டர் சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும் தலையைத் திருப்பினார். பொழுது சாய்ந்து வண்டி வந்து நின்றது. கொழுந்தன் உதடு வெடித்து, கண் சிவந்து, ஆனால் நடந்துதான் உள்ளே வந்தான். நான் கேனை அவிழ்த்துத் தூக்கினேன். காலையில் கட்டிவிட்ட அதே கனம். நாளைக்கும் நாலு பேர் நிலத்துக்கு வண்டி கேட்டிருக்கிறார்கள்.