புவனேஸ்வரி என்கிற கிரேஸ்

எங்கள் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருக்கும் கிரேஸுக்குச் சம்பளப் பட்டியலில் வேறு பெயர்: புவனேஸ்வரி. கிரேஸ் என்பது சர்ச்சில் வைத்த பெயர். பத்து வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்; இதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும். தறிக்காரர் வீட்டில் ஒரே பெயரோடு பிறந்தவளுக்கு யோசிக்க என்ன வந்தது?

கிரேஸ் சரியான புத்தகப் பைத்தியம். கல்லூரி இருக்கும் ஏனாத்தூரிலிருந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாள். போன ஜூனில் அந்தச் சரித்திர நாவலை எடுத்துக் கொடுத்தது நான்தான். ஐந்நூறு வருடத்துக்கு முன், போர்ச்சுகலில் ஒரு யூதக் குடும்பம். உயிர் பிழைக்க ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர் என்று வாழ்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கை அலமாரிக்குள் வைத்து ஏற்றுகிறார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் என்று அடுப்பு மூட்டுவதில்லை. எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை என்று பார்த்துக்கொண்டு போகவே ஓர் ஆள் இருக்கிறான்.

நான்காவது நாள் அவள் முகமே சரியில்லை. "மேடம், இந்தக் கத எங்க ஊட்டுக்குள்ள வந்துக்கினு இருக்குது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயத்தை அப்புறம்தான் சொன்னாள். மகள் திரிஷாவுக்கு நர்சிங் சீட் கிடைக்க எஸ்.சி. சான்றிதழ் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு அது கிடையாது. காகிதத்தில் குடும்பமே இந்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. நாவலில் அந்த வீட்டின் மேல் மொட்டைக் கடிதம் வந்த பக்கத்தை அவள் படித்த மறுநாள், இவர்கள் மேலும் யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருமாம். நாவலில் அவர்கள் சர்ச்சுக்குப் பயந்து தங்கள் மதத்தை ஒளித்தார்கள். இவள் சர்ச்சையே ஒளிக்கிறாள். பயம் ஒன்றுதான்.

மேலே படித்தால் நடந்துவிடும் என்று பயம். படிக்காவிட்டால் என்ன வரப்போகிறதென்று தெரியாதே என்று அதைவிடப் பயம். படித்தாள். வேத வசனம் எழுதிய சுருளைச் சின்னக் கூட்டில் வைத்து வாசல் நிலையில் அடிப்பது யூதர் வழக்கம். அந்தக் குடும்பம் அதைப் பெயர்த்து எடுத்துவிடுகிறது. சோதனைக்கு வந்தவன் எதையும் தேடவில்லை. நிலையில் மிஞ்சியிருந்த இரண்டு ஆணி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஆள் வருகிற அன்று நான் எங்கள் வீட்டு ஏகாம்பரநாதர் காலண்டரைக் கொண்டுபோனேன். பைபிள் அரிசி டிரம்முக்குள் போனது. கிரேஸ் வைத்திருந்த குங்குமம் எங்கேயோ உச்சியில் இருந்தது, பழகாத கை. துடைத்துவிட்டு நானே வைத்துவிட்டேன். கடைசியாகச் சுவரிலிருந்த மரச்சிலுவையைக் கழற்றினாள். இருபது வருடப் புகையில் சுவர் பழுப்பேறிக் கிடந்தது. சிலுவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சிலுவையாகவே நின்றது. காலண்டரை மாட்டினோம். கீழே நான்கு விரல் நீளத்துக்கு வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆணியை இறக்கி அடிக்கலாம் என்று சுத்தியலைத் தேடும்போதே கதவு தட்டப்பட்டது.

வந்தவர் வயதானவர். பெயர் கேட்டார். "புவனேஸ்வரி" என்றாள். எந்தக் கேள்வியையும் அவர் அதட்டிக் கேட்கவில்லை. பிறகு எழுந்து சுவரிடம் போனார். காலண்டருக்குக் கீழே விரலை வைத்து அந்த வெள்ளையை மெல்லத் தடவினார். கிரேஸ் என் கையைப் பிடித்தாள்.

திரும்பி வந்து ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மொதல்ல சுண்ணாம்பு அடிச்சிடுங்கமா. எங்க ஊட்ல நான் அப்டிதான் செஞ்சேன்."

சான்றிதழ் வந்தது. சீட்டும் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தை நூலகத்தில் உட்கார்ந்துதான் திரிஷா நிரப்பினாள். மதம் என்ற இடம் வந்ததும் பேனா நிற்கும், பிள்ளை தன்னைப் பார்க்கும், என்ன பதில் சொல்வது என்று கிரேஸ் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள். பேனா நிற்கவே இல்லை. அழகான கையெழுத்தில் "இந்து" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கிரேஸ் எழுந்து புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய் அழுதாள். ஆள் வந்த அன்றுகூட அவள் அழவில்லை.