ஜனவரியில் வந்த ஆமைத் தடம்

பேய், பிசாசு, ஜின் என்று எவன் வாயைத் திறந்தாலும் முதலில் சிரிக்கிற ஆள் நான். கல்ஃபில் ருவைஸ் பக்கம் நாங்கள் இருந்த கேம்ப்பில் கடைசி பிளாக் பாத்ரூமில் ஜின் இருக்கிறது என்று எல்லோரும் பயந்தார்கள். நான் மட்டும் நான்கு வருஷம் அங்கேதான் நிம்மதியாகக் குளித்தேன், ஏனென்றால் அங்கே மட்டும்தான் கியூ கிடையாது. ஜின் என்று ஒன்று இருந்திருந்தால் ஒரு நாளாவது என் முதுகுக்கு சோப்புப் போட்டுவிட்டிருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இனி சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் வேலு. முதுகுளத்தூர் பக்கம். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லை, குடிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிய விஷயம். ருவைஸ் தாண்டி ஒரு கடல் உயிரினச் சரணாலயத்துக்கு வேலிக்கம்பி நடுகிற கான்ட்ராக்டில் ஹெல்ப்பராகப் போனேன். அங்கே மேனேஜர் ஒரு சூடான்காரர், முதீர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் கரையில் நின்று அவரும் படித்த இரண்டு பேரும் ஓர் ஆமைத் தடத்தைப் பார்த்து, இது முட்டையிட்டுப் போனதா, சும்மா வந்து போனதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேலி நடுகிறபோது ஆமைகள் ஏறி இறங்குவதை எத்தனையோ தரம் பார்த்தவன் நான். கம்பியைக் கீழே போட்டுவிட்டு, 'இது ஏறி வந்த தடம், அது இறங்கிப் போன தடம், நடுவிலே பள்ளம் பறிச்சு மூடியிருக்கு, முட்டை அங்கதான் இருக்கு' என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். தோண்டிப் பார்த்தார்கள், இருந்தது. அடுத்த மாதமே முதீர் என் கஃபீலிடம், அதாவது எனக்கு விசா கொடுத்த முதலாளியிடம் பேசி என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். எத்தனை பேருக்கு இப்படி நடக்கும் சொல்லுங்கள்.

மார்ச் முதல் ஜூன் வரை அழுங்காமைகள் முட்டையிட வரும். அந்த நான்கு மாதமும் விடிந்ததும் முழுக் கரையையும் நடந்து பார்ப்பது என் டியூட்டி. ஒவ்வொரு தடத்தையும் அகலம் பார்த்து, எந்தத் திசை என்று பார்த்து, எண்ணிவிட்டு, உடனே குதிகாலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அதையே திரும்ப எண்ணிவிடுவோம். இந்தக் கால் பழக்கம் எனக்கு எப்படி ஊறிவிட்டது என்றால், லீவில் ஊருக்குப் போனபோது வயலில் டிராக்டர் போன தடத்தைக்கூட அழித்துக்கொண்டே நடந்து என் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினேன். ஆறு சீசன், ஒரு தடம்கூட நான் தப்பாகப் படித்ததில்லை. கர்வமாகத்தான் சொல்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு ஜனவரி. குளிர்காலத்தில் ஆமை ஏறாது, ஆனால் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து மணல்திட்டில் நிற்கும். அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குடும்பங்களை அழைத்துக் கரையைச் சுத்தம் செய்கிற நாள் வைப்போம். ருவைஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், பிறகு பிரியாணி. அன்றைக்கு அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். வடக்கு முனையில் ஒரு ஓடை கடலிலிருந்து உள்ளே வரும், தண்ணீர் வற்றிய நேரத்தில் கணுக்கால் அளவுதான், ஏறும்போது ஆளை மூழ்கடிக்கும். அதற்கு முன்னால் கயிறு கட்டி, அதைத் தாண்டி யாரையும் விடாதே என்று முதீர் என்னைத்தான் அங்கே நிறுத்தினார்.

நான் நின்றேனா? இல்லை. பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. "அங்கிள், டர்ட்டில் எப்படி நடக்கும், காட்டுங்க" என்று சுற்றிக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, மணலில் குப்புற விழுந்து கையால் துழாவிக் காட்டினேன். "தடத்தைப் பாத்தா ஆமை எந்தப் பக்கம் போயிருக்கோ அந்தப் பக்கமே நீங்களும் போகணும், அப்பத்தான் முட்டை கிடைக்கும்" என்று பெரிய வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தேன். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பார்க்கிறேன், காலையிலிருந்து லேசாக இருந்த மூடுபனி மளமளவென்று இறங்கிவிட்டது. பத்தடி தூரத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. முதீர் விசில் ஊதி எல்லோரையும் கூடாரத்துக்குள் வரச்சொன்னார்.

அப்போதுதான் செல்வகுமார் சார் ஓடிவந்தார். பிளான்ட்டில் இன்ஜினியர், திருநெல்வேலிக்காரர்.

"அண்ணாச்சி, எம்புள்ள அக்ஷயாவக் காணோம். ஆறு வயசு. மஞ்ச ஸ்வெட்டர் போட்டிருக்கா. இப்பத்தான் இங்க நின்னா."

கயிற்றுக்கு ஓடினேன். கயிற்றின் அந்தப் பக்கம் ஈர மணலில் சின்ன ஷூ தடம், நேராக ஓடைக்குள் போயிருந்தது. ஓடையின் அக்கரையில் மணல்திட்டு. படகு ஓட்டுகிற பெஷாவர்க்காரர் ரஹ்மத் பாய் ஓடையில் காலை விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "வேலு பாய், பானி ஆ ரஹா ஹை! ஜல்தி!" தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்தத் திட்டு தெரியும். அரை மணி நேரத்தில் நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மிஞ்சும், அப்புறம் அதுவும் போய்விடும். நான் கயிற்றில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளை தாண்டியிருக்காது.

ரஹ்மத் பாயைப் படகை எடுக்கச் சொல்லிவிட்டு நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினேன். அங்கே போனதும் எல்லாம் வெள்ளை. கரை எது, கடல் எது, ஒன்றும் தெரியவில்லை. அலைச் சத்தம் இருந்தாலாவது திசை பிடிக்கலாம், அந்தக் கடலில் அதுவும் கிடையாது. பின்னால் விசில் சத்தம் கேட்கிறது, ஆனால் நாலு பக்கத்திலிருந்தும் கேட்கிறது. "அக்ஷயா! பாப்பா!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஷூ தடம் திட்டில் ஏறியதும் கெட்டி மணலில் மறைந்துவிட்டது. இப்படி அப்படி ஓடி, நான் வந்த வழியையும் தொலைத்துவிட்டேன்.

அப்போதுதான் காலடியில் பார்த்தேன். ஆமைத் தடம்.

ஜனவரியில். தண்ணீர் வற்றிய திட்டில். புதுசு, மணல் விளிம்பு இன்னும் சரியவில்லை. நடுவில் வயிறு இழுத்த பட்டை, இரண்டு பக்கமும் மாறி மாறித் துடுப்பு போட்ட குழிகள். வளர்ந்த ஆமை, என் கையால் நாலு சாண் அகலம். குளிரில் விறைத்துக் கரை ஒதுங்குகிற குட்டி ஆமைகளுக்கு இப்படி நடக்கச் சக்தி கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் யோசிக்க நேரம் எங்கே? எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காலையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஆமை போன பக்கமே போகணும் என்று. பிள்ளை இந்தத் தடத்தைப் பார்த்திருந்தால் அதன் பின்னாலேயே போயிருப்பாள்.

ஆமை துடுப்பு போடும்போது மணல் பின்பக்கமாகக் குவியும், படகுத் துடுப்புக்குத் தண்ணீர் பின்னால் போகிற மாதிரி. குவியலைப் பார்த்தால் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும். ஒரு பார்வை பார்த்தேன். வலது பக்கம் போயிருக்கிறது என்று பட்டது. அவ்வளவுதான், வலது பக்கம் ஓடினேன். ஓடுகிறபோதும் இந்தப் பாழாய்ப்போன கால் சும்மா இருக்கவில்லை, நாலு எட்டுக்கு ஒரு தரம் குறுக்கே கோடு இழுத்து அழித்துக்கொண்டே போனது.

இருநூறு எட்டு இருக்கலாம். மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பாய்ந்து ஓடினேன். அக்ஷயா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. அவளைச் சுற்றி மூன்று பக்கமும் தண்ணீர் வந்துவிட்டது.

"பாப்பா, பயந்துட்டியா?"

"நோ அங்கிள். பிங்க் பேர்ட்ஸ் எல்லாம் பறந்து போயிடுச்சு. வழி தெரியல, அதான் உக்காந்துட்டேன்."

"ஆமைத் தடத்தைப் பாத்துத்தானே வந்தே?"

"எந்த தடம்?" என்றாள்.

தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவளைக் கண்டதும் ஓடிவந்ததால் கடைசிப் பத்தடியில் நான் கோடு இழுக்கவில்லை. அந்தப் பத்தடித் தடம் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். மணல் குவிந்திருந்ததெல்லாம் பிள்ளை இருந்த பக்கம். அப்படியானால் ஆமை இங்கே வரவில்லை. இங்கிருந்து போயிருக்கிறது. நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். சரி, இங்கிருந்து போனது என்றால் இங்கே எப்படி வந்தது? ஏறி வந்த தடம் வேண்டுமல்லவா? சுற்றிப் பார்த்தேன். பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் தடம் தொடங்குகிறது. அதற்குப் பின்னால் வழவழவென்ற மணல், ஒரு நண்டு ஓடிய கோடுகூட இல்லை. தடத்தின் பக்கத்தில் சின்ன ஷூ தடமும் இல்லை. வானத்திலிருந்து இறக்கிவைத்த மாதிரி ஓர் ஆமை அவள் பக்கத்தில் தொடங்கி, நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது.

யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, தண்ணீர் பாதத்தைத் தொட்டுவிட்டது. நான் குதிகாலால் இழுத்த கோடுகளைப் பிடித்துக்கொண்டே வந்த வழியில் ஓடினேன். பாதி கோடுகளைத் தண்ணீர் தின்றுவிட்டது. ரஹ்மத் பாயின் பெயரைச் சொல்லிக் கத்தினேன், அவர் சத்தத்துக்குப் படகைக் கொண்டுவந்தார். ஏறும்போது எனக்கு இடுப்பளவு தண்ணீர். நான் தடத்தைப் பார்த்த அந்த இடத்திலிருந்து இடது பக்கம் என்ன இருக்கிறது என்று படகில் போகும்போதுதான் பார்த்தேன். ஓடையின் ஆழமான மடு. தடம் அதற்குள்தான் இறங்கியிருக்க வேண்டும்.

கரையில் செல்வகுமார் சார் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என் காலில் விழ வந்தார். "சார், வேண்டாம் சார், கயித்த விட்டுட்டுப் போனது நாந்தேன், எம்மேலதான் தப்பு" என்று முதீர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. முதீர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அடுத்த வாரத்திலிருந்து வடக்கு முனையில் வேலியே போட்டோம், கம்பியெல்லாம் நான்தான் நட்டேன்.

தடத்தைப் பற்றி முதீரிடம் மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, பதற்றத்தில் படகு இழுத்த பழைய தடத்தைப் பார்த்திருப்பாய் என்றார். நாலு சாண் அகலத்தில் மாறி மாறித் துடுப்பு போடுகிற படகை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பாதியை நான் அழித்தேன், மீதியைக் கடல் அழித்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம், குளிரில் கரை ஒதுங்கியதை எடுத்துத் தேற்றி வைத்திருந்த ஆமைகளைக் கடலில் விடுகிற விழா. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். முதீர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கில் சொன்னார், அரபியில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. இந்த வேலு இத்தனை சீசனில் ஒரு தடத்தைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை, இந்தக் கரையில் இவனைப் போல ஆள் கிடையாது என்று. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதுகுளத்தூரிலிருந்து வேலிக்கம்பி தூக்க வந்த எனக்கு. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது, நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

முன்வரிசையில் அக்ஷயா அப்பா மடியில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் நான் வழக்கம்போலச் சரியாகப் படித்திருந்தால் இடது பக்கம் ஓடியிருப்பேன்.