அறுபதைத் தாண்டினால் படம் நிற்கும்

கைராசி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த டிவி மெக்கானிக்குக்கு ஒரே ஒரு டிவி மட்டும் மூன்று வருடமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வெளியார் வீட்டு டிவி என்றாலும் பரவாயில்லை, தொலைகிறது என்று விடலாம். அது அவள் சொந்தப் புருஷன் ஓட்டும் வேனில் இருந்தது.

ஒரு பழுது பார்க்கும் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரு மேசை. மேசை நிறையத் திருகாணி டப்பாக்கள், பக்கத்தில் உடைந்த கைப்பிடியோடு ஒரு டீ கோப்பை. எந்த டிவி வந்தாலும் மூடியைக் கழற்றுவதற்கு முன் குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பாள். எது கருகியிருக்கிறது என்று மூக்கு பாதி சொல்லிவிடும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். அவள் மேசைக்குப் போன டிவி உயிரில்லாமல் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது.

புருஷனுக்கு ராக்கெட் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட ஓட்டுகிறவர்கள் வைத்தது. நகரத்துக்கு வெளியே இருந்த பல்பு தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது அவன் வேலை. நல்ல மனுஷன். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் கால் மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள் காலையில் வெறும் வேனோடு பள்ளத்தில் இறங்கி, இடது தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். நாற்பது நாள் கழுத்திலிருந்து தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரோட்டைக் குறை சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

எலும்பு கூடியதும் பழையபடி நூறு கிலோமீட்டர் வேகம். "மெதுவாப் போங்க" என்று தினமும் காலையில் வாசலில் நின்று சொல்வாள். "சரிம்மா" என்பான். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஐந்தரைக்குத் தொழிற்சாலை வாசலில் புறப்படுகிற வண்டி, எல்லோரையும் இறக்கிவிட்டு ஆறு பத்துக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்த நாற்பது நிமிடமும் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் வேனுக்கு டிவி வந்தது. ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அடுத்தடுத்து இரண்டு தொடர்கள், வீடு போய்ச் சேர்வதற்குள் ஒன்று முடிந்து மற்றதும் பாதி ஓடிவிடுகிறது என்று பெண்கள் தாங்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். ஓட்டுகிறவன் கண்ணில் படாதபடி அவன் இருக்கைக்குப் பின்னால், பின்பக்கம் பார்த்துப் பொருத்திக் கொடுத்தது கைராசிதான். கூரையில் ஒரு ஆன்டெனா.

முதல் நாள் தொழிற்சாலை வாசலில் படம் பளிச்சென்று வந்தது. நெடுஞ்சாலை ஏறியதும் தொடரில் வந்த மாமியாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பாதி வார்த்தையில் குரல் நின்றது. பிறகு வெறும் கறுப்பு. பழைய காலத்து டிவி என்றால் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரியும், இரைச்சலுக்கு நடுவில் நாலு வார்த்தை கேட்கும். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் சுத்தமாகக் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் கருவிப் பையோடு கைராசியே வேனில் ஏறினாள். புருஷனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை வேகமுள்ளிலும் ஒரு கண்ணைப் பின்னால் டிவியிலும் வைத்தாள். அறுபதைத் தாண்டியதும் படம் நின்றது. முன்னால் ஒரு லாரி வழிமறித்து வேகம் குறைந்ததும் வந்தது. லாரியை முந்தியதும் மறுபடி நின்றது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிக்னல் நேராகவும் வரும், கட்டடம், பாலம், லாரி என்று மோதித் திரும்பியும் வரும். வண்டி நிதானமாகப் போனால் டிவி அதையெல்லாம் பிரித்து எடுத்துக்கொள்ளும். வேகமாகப் போனால் ஒன்றைப் பிரிப்பதற்குள் பத்து மாறிவிடும், டிவி கையை விரித்துவிடும். வைத்தியமும் அவளுக்குத் தெரியும். நாலு மூலைக்கு நாலு ஆன்டெனா, நாலும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி ஒரு பெட்டி.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து பன்னிரண்டு தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

"அண்ணா, மெதுவா! மெதுவா போங்கண்ணா! மாமியார் உண்மையைச் சொல்லப்போறா!"

ராக்கெட் காலைத் தளர்த்தினான். முள் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. மாமியார் உண்மையைச் சொன்னாள். மறுபடி முள் ஏறியது, மறுபடி கத்தல், மறுபடி இறங்கியது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் கெஞ்சியும் அழுதும் நடக்காதது, ஒரு மாமியாரால் ஒரே சாயங்காலத்தில் நடந்துவிட்டது. கைராசி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கடை மூலமாக அந்தப் பெட்டியை வரவழைத்தாள். முதலில் நியாயமாகப் பொருத்துவது என்றுதான் நினைத்தாள். பிரித்துப் பார்த்தாள், நாலு ஆன்டெனாவையும் எண்ணினாள், திரும்ப மூடி அலமாரியின் அடித்தட்டில் பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "ஓடுற வண்டியில டிஜிட்டல்னா அப்படித்தான். அறுபதுக்குள்ள போகச் சொல்லுங்க."

அன்றிலிருந்து வேன் ஆறு நாற்பதுக்கு வந்தது. அவளும் நிம்மதியாகப் பால் காய்ச்சினாள்.

ஆனால் அந்த நிம்மதிக்கு அவள் கொடுத்தது தன் பெயரை. "உங்க வீட்டுக்காரம்மா கைராசி எல்லாம் கடைக்குள்ளதானா அண்ணா?" என்று வேனில் சிரிப்பார்கள். "அது சிக்னல் கோளாறும்மா. அவ கை வச்சு ஓடாததுன்னு ஒண்ணு இருக்கா?" என்று அவன் வரிந்து கட்டிக்கொண்டு பேசுவான். பேசியதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வான். கேலியைக்கூடத் தாங்கிவிட்டாள். அவன் பரிந்து பேசியதுதான் அவளைக் குத்தியது.

மூன்று வருடம் போனது. தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று இரண்டு நாள் லீவு போட்டுப் போய்விட்டுக் கைராசி கடைக்குத் திரும்பினாள். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்மா! அலமாரியை ஒழிச்சேன், நாலு ஆன்டெனா பெட்டி கெடக்குது. நேத்து மத்தியானம் நானே வேன்ல மாட்டிட்டேன். நூறுல ஓட்டிப் பார்த்தோம், படம் ஒரு கட்டம்கூட ஒடையல!"

அவள் நேராகப் போய் அலமாரியின் அடித்தட்டைப் பார்த்தாள். "அவர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்றது? மூணு வருஷமா பெட்டி இங்க தூங்குதுப்பா, உன் சம்சாரம் மறந்துட்டா போலன்னேன். 'மறந்திருப்பா'ன்னான்."

அவன் முட்டாள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்று ஒரு டிவியைத் திறந்து, மோந்து பார்க்காமலே மூடினாள். தலைவலி என்று நாலு மணிக்கே வீட்டுக்குப் போனாள். வேனில் வரும் பெண் ஒருத்திக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தாள். செய்து என்னவென்று சொல்வது? வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தாள். ஆறு பத்துக்கு வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. ஆறு பத்துக்கு வரவில்லை. அப்போது வேறு பயம் பிடித்தது. நூறில் போயிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? அந்தப் பள்ளம் கண்முன் வந்தது. ஆறு இருபது. ஆறரை.

ஆறு நாற்பதுக்குத் தெருமுனையில் வேன் திரும்பியது.

ராக்கெட் இறங்கினான். "என்ன, வாசல்லயே தவம் கெடக்குற?"

"டிவி எப்படிங்க ஓடுச்சு?"

"எங்க ஓடுச்சு? பழைய குருடி கதவைத் திறடிதான். அறுபதைத் தாண்டினா நிக்குது."

அவள் வேனுக்குள் ஏறினாள். பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினாள். நாலு ஒயரில் ஒன்றுதான் மாட்டியிருந்தது. மீதி மூன்றும் பிடுங்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, இருக்கைக்கு அடியில் செருகியிருந்தன.

"நீங்களா?"

அவன் படியில் உட்கார்ந்தான். "நேத்து சாயங்காலம் தொண்ணூறுல வந்தேன். படம் ஒடையவே இல்ல. ஒருத்தியும் கத்தல, மெதுவான்னு யாருமே சொல்லல. வண்டிக்குள்ள என்னமோ கொறையுதேன்னு இருந்துச்சு. ஆறு பத்துக்கு வீட்டுக்கு வந்தா நீயும் இல்ல. அப்பதான் புரிஞ்சுச்சு. இத்தனை நாளும் கத்துனது அவங்க இல்ல, நீதான். காலையில மொத வேலையா பிடுங்கிட்டேன்."

"பொய் சொல்லிட்டேங்க. மூணு வருஷமா."

"எனக்காகக் கெட்ட பேரு வாங்குனியே, அதைச் சொல்லு. நீ சொன்ன மொத வார்த்தையிலயே நான்தான் கேட்டிருக்கணும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் போட்டே அழுதாள், வெட்கப்படவில்லை. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டி துடைக்கிற துணியை நீட்டினான். அதை வாங்கி முகத்தைத் துடைத்தாள், கிரீஸ் வாடைக்கு மூக்கைச் சுளித்தாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

அவள் போன் அடித்தது. வேனில் வரும் பெண்தான். "அக்கா, நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்கு மறுபடி போச்சு! சரி பண்ணவே முடியாதா உங்களால?"

"முடியலையேம்மா," என்றாள் கைராசி. இந்தத் தடவை குத்தவில்லை.

போனை வைத்துவிட்டு அந்த மூன்று ஒயரையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். டேப் கோணல்மாணலாகச் சுற்றி, ஒரு முனையில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன வேலை இது? நாளைக்கே பிரிஞ்சு வந்துடும். உள்ள போய் என் பையை எடுத்துட்டு வாங்க."

அவன் பையைக் கொண்டுவந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பழைய டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, இனி எந்தக் காலத்திலும் பிரியாதபடி அவள் மூன்றையும் இறுக்கிச் சுற்றினாள்.