செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

பாபநாசத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் ஒரு பட்டறையில் அம்சத்துக்கு வேலை. கடைசி மேசை அவளுடையது. இரும்புப் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒட்டாத பெட்டி வெளியே போகாது.

இரண்டாயிரத்து மூன்றில் குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறக்கவில்லை. அந்தக் கோடையில் அவள் தெருவில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆறு பெட்டிகள் போயின. சென்டர் நின்ற மனை, பண்ணையோடு பல வருஷம் வழக்காடி, தடியடி பட்டு, தெருவுக்குப் பட்டாவான இடம். வாசலில் காவல் இருந்தவர் அவள் அப்பா தங்கையன்.

முதல் வாரமே பெட்டி சுருக் சுருக்கென்று இழுப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அம்சம் போய்ப் பார்த்தாள். பெட்டியில் குறையில்லை. பழசாக வாங்கிப் போட்ட ஸ்டெபிலைசரில் மின்சாரம் கசிந்தது. அது மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த் குழி, ஈரமில்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இறங்க வழியில்லாத மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பெட்டிகளுக்கு வந்தது.

பட்டறை முதலாளி துரைராசுவிடம் சொன்னாள்.

“பெட்டி வரைக்கும்தாம்மா நம்ம பொறுப்பு. அவங்க சுவத்துக்குமா ஸ்டிக்கர் ஒட்டுறோம்?”

ஸ்டெபிலைசரை மாற்றும்வரை சென்டரை மூடலாம் என்று தெருவில் சொன்னாள். “பண்ணைக்காரன் மூடச் சொன்னா சண்டைக்குப் போவலாம். நம்ம புள்ள நீயில்ல சொல்ற” என்றாள் பக்கத்து வீட்டு நீலாம்பாள். யாரும் மூடவில்லை. அம்சம் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியபோதும் நீலாம்பாள்தான் கேட்டாள்: “லாரித் தண்ணிக்கு நாங்க வரிசையில நிக்கிறோம். கம்பிக்கு அவ்வளவு தாகமா?” மறுநாள் அம்சம் குடத்தை எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது செருப்பு. தூசி ஆகாது என்று, கழற்றிவிட்டு வரும்படி சென்டர் வாசலில் எழுதியிருந்தது.

“புள்ளைங்கள ரப்பர் செருப்போட உள்ள விடுங்கப்பா. நீங்களும் போட்டுக்குங்க.”

தங்கையனை இளவட்ட வயதில், செருப்போடு பெரிய தெருவில் நடந்ததற்காகப் பண்ணை ஆட்கள் கட்டிவைத்து அடித்தார்கள். அதன் பிறகு அவர் வரப்பில்கூட வெறுங்காலோடு நடந்ததில்லை.

“அன்னிக்கு அவன் கழட்டச் சொன்னான், கழட்டல. இங்க நானாக் கழட்டுறேன். அது வேற, இது வேற.”

அடிபட்டுப் பெற்ற உரிமையை எங்கே விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவர் உரிமைதான். அந்த நியாயத்தில் ஓட்டை இல்லை. மின்சாரத்துக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்த ஈரமான வெறுங்காலோடு ஒரு பெட்டியை நகர்த்தப் போனார். தொட்ட கை பெட்டியை விட்டு வரவில்லை. எந்த ஸ்விட்சை நிறுத்துவது என்று தெரியாமல் பிள்ளைகள் நின்றார்கள். நிறுத்தியபோது உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியில் குறையில்லை என்றார்கள். அது உண்மை. “உன் வேலை சுத்தம்மா” என்றார் துரைராசு.

காரியம் முடிந்து சென்டர் திறந்தது. ஸ்டெபிலைசரை மாற்றியிருந்தார்கள். குழி வெடித்தபடியே கிடந்தது. பிள்ளைகள் முன்னைவிட ஒழுங்காக, வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

“தங்கையன் தாத்தா இப்படித்தான் விடச் சொல்லும்” என்றது ஒரு பிள்ளை.

அம்சம் பஸ்ஸுக்குப் போனாள். பட்டறையில் பெட்டிகள் காத்திருந்தன. சோதித்தாள். ஒன்றிலும் குறையில்லை.