பச்சைச் சாயம் தோய்த்த வாரம்

திருப்புட்குழியில் வெட்டிய தென்னை ஓலையை நேற்று அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா மகள் பெரியவளாகிவிட்டாள்; பதினொரு வயது. குடிசை கட்டவேண்டிய தாய்மாமன் நான்தான். ஆபீசில் பேனா பிடிக்கிற கைக்கு அந்த வேலை வருமா? இரண்டு முறை சரிந்து, மூன்றாம் முறை ஒருவழியாக நின்றது. அந்தப் பச்சை வாசனையில் அமர்ந்திருந்தபோது எங்கள் பழைய வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே பட்டுக்குச் சாயம் தோய்ப்போம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது அக்காவும் நானும். பெண் பெரியவளானால் அன்றோடு படிப்பு நின்றுவிடும். அதற்கு இன்னும் நாளிருக்கிறது என்றுதான் அப்பா அக்காவைச் சேர்த்தார். அம்மா பெரியவளானது பதினைந்தில். எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், பதினாறில். அக்காவோ பன்னிரண்டிலேயே முந்திக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. எட்டு வயதான எனக்கும் இதெல்லாம் பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும்.

சாப்பிடும்போது அக்காவின் பாவாடையில் இருந்த கறையை அப்பா பார்த்துவிட்டார். சாயம் தெறித்திருக்கும் என்றாள் அம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம். உண்மையே பேசவேண்டும் என்று முதல்நாள்தான் வாத்தியார் சொல்லியிருந்தார்.

"இந்த வாரம் பச்சைதானேம்மா தோய்க்கிறோம்?" என்றேன்.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தீட்டு விஷயத்தில் அத்தை எவருக்கும் இரக்கம் காட்டியவள் இல்லை. அக்காவை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னை.

"காலைல பழைய அரக்குத் துணிய நான்தான் அவகிட்ட அலசக் குடுத்தேன். நீ தூங்கிக்கினு இருந்தே, உனக்கு இன்னா தெரியும்? தின்னுபா."

அப்பா மேலே கேட்கவில்லை. அடுப்படியில் அத்தை அம்மாவிடம் முணுமுணுத்தாளாம்: "எனக்குப் பதினாறு, இதுக்குப் பன்னெண்டு. காபித் தண்ணி குடிச்சிக் குடிச்சி சீக்கிரம் பழுத்துடுதுங்க. பரீட்சை எழுதிட்டு வரட்டும்மா, அப்புறம் சொல்லிக்கலாம்."

காபி மேல் பழி போட்டவள், அந்த மூன்று வாரமும் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அக்கா தேறினாள். மறுவாரமே எங்கள் மாமன் ஓலையோடு வந்தார். படிப்பு அதோடு சரி. ஆனாலும் அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் அக்கா தன் மகளுக்குத் தானே பாடம் சொல்லித்தருகிறாள்.

நேற்று குடிசைக்குள்ளிருந்து பெண் கேட்டாள்: "எப்பம்மா இஸ்கூலுக்குப் போறது?"

"தலைக்குத் தண்ணி ஊத்தினதும் போ. அதுவரைக்கும் இதப் படிச்சிக்கினு இரு." தெருவில் போகிறவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு, அக்கா ஓலை இடுக்கு வழியாகப் புத்தகத்தை உள்ளே நீட்டினாள்.

அத்தை இப்போது இல்லை. அவள் சொன்ன பொய்க்கும் இந்த வீட்டில் இனி வேலையில்லை.