நான் கேட்டு வாங்கிய பரிந்துரை

முதலாளியின் மகன் கம்பெனிப் பொறுப்பை ஏற்ற மாதத்தில், மேலாளர்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். ஆம்பூருக்கு வெளியே இருக்கும் அந்த ஷூ கம்பெனியில் அப்போது எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். தையல் பிரிவு முழுக்க என் கையில் இருந்தது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆன்லைன்ல உங்க புரொஃபைலத் தேடினேன் சார். கிடைக்கல. இல்லையா?"

இல்லை. வெளியே வந்தபோது வேலை போய்விடும் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

வேலூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் அன்று மாலையே வேலையில் இருப்பவர்கள் தங்கள் விவரம் போட்டுவைக்கும் இணையத் தளத்தில் எனக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். "ஐநூறு பேராவது சேரணும்பா. கம்மியா இருந்தா யாரும் மதிக்கமாட்டாங்க" என்றாள்.

எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. காலையில் கம்பெனி பஸ் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பிவிடுவேன். பழைய சகாக்கள், ராணிப்பேட்டையில் ரசாயனம் விற்பவர்கள், சென்னையில் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகள், முன்பின் பார்த்திராத இத்தாலிக்காரர் ஒருவர்கூட. மூன்று மாதத்தில் ஐநூறைத் தாண்டினேன். அடுத்து என்ன என்று மகளிடம் கேட்டேன்.

"கூட வேலை செஞ்சவங்ககிட்ட ரெகமண்டேஷன் கேளுப்பா. அவங்க எழுதுறது மொதல்ல உனக்கு மட்டும்தான் தெரியும். நீ ஓகே குடுத்தாதான் உன் பக்கத்துல எல்லாரும் பாப்பாங்க."

இருபது பேரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாருக்கும் ஒரே வாசகம்: என்னோடு பணிபுரிந்த அனுபவத்தைப் பற்றி உண்மையாகச் சில வரிகள் எழுத முடியுமா?

அந்த இருபதில் ஒரு பெண், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சென்னை அலுவலகத்தில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அவருடைய பக்கத்தின் அடியில் எங்கள் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாக இருந்தது. படத்தைப் பார்த்தேன், ஆளைத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர் நாலு வரி எழுதினால் கௌரவம் என்று அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பதில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பத்தொன்பது வயதில் குடியாத்தத்திலிருந்து வந்து இவருடைய லைனில் சேர்ந்தேன். வேலை தெரிந்தவர். தையல் மேல் விரலை ஓடவிட்டே தளர்ந்த இடத்தைச் சொல்லிவிடுவார். அதை அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்."

சந்தோஷமாக மேலே படித்தேன்.

"ஒருநாள் கோணலாகத் தைத்த ஷூவின் மேல்பாகம் ஒன்றை நூலில் கோத்து என் கழுத்தில் மாட்டி, கேண்டீன் வாசலில் நிற்கவைத்தார். அது நான் தைத்ததல்ல. சொல்ல வாயெடுத்தேன். 'இன்னும் பேசினால் இரண்டாவதும் மாட்டுவேன்' என்றார். சாப்பிடப் போனவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். இன்று தைத்தவரைக் கேட்காமல் நான் எதையும் தள்ளுபடி செய்வதில்லை. அதையும் இவரிடமிருந்துதான் கற்றேன்."

கையில் பிசைந்திருந்த சோறு அப்படியே இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. பொய் சொல்கிறாள் என்று முதலில் கோபம்தான் வந்தது.

லைன் சூப்பர்வைசர் அம்மா பதினெட்டு வருடமாக என் கூடவே இருப்பவர். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, கழுத்துல பீஸ மாட்டி யாரையாச்சும் நான் நிக்க வச்சிருக்கேனா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னா சார் இப்படிக் கேக்குறீங்க? ஒருத்தரா ரெண்டு பேரா? நீங்க ஆரம்பிச்சதுதான? இப்பவும் மூணாவது லைன்ல ஒருத்தி நிக்குறாளே. காலைல அவளத் தாண்டித்தான வந்தீங்க?"

மூன்றாவது லைனுக்குப் போனேன். தூணோரம் ஒரு பெண் கழுத்தில் கறுப்புத் தோல் துண்டுடன் தலை குனிந்து நின்றிருந்தாள். அங்கே நாற்பது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை. சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டுத்தான் நான் தினமும் போய்வந்திருக்கிறேன்.

"கழட்டிட்டுப் போயி உக்காரும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நூலைக் கழற்றினாள்.

அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினேன். "பயம் போய்டுச்சுன்னா ரிஜெக்ட் ஜாஸ்தி ஆவும் சார்" என்று இரண்டு சூப்பர்வைசர்கள் முறுக்கிக்கொண்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பரிந்துரை எழுதிய அந்தப் பெண்ணிடம் போன் நம்பர் கேட்டுச் செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"உங்க முகம் எனக்கு ஞாபகமே வரலம்மா."

"அது எனக்குத் தோணவே இல்ல சார்" என்றார். "இத்தன வருஷமும் நீங்களும் அத நெனச்சுட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

தப்புதான் என்றேன், மன்னிச்சிடும்மா என்றேன். "சரி சார்" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதை என் பக்கத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "நீங்க உண்மையா எழுதச் சொன்னீங்க, எழுதுனேன். அப்புறம் உங்க இஷ்டம்."

ஒன்பது நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். பத்தாம் நாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஓகே கொடுத்தேன். முதலாளி மகன் அதைப் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

மகள் படித்துவிட்டாள். மாலை நான் செருப்பைக் கழற்றும்போதே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இது நெஜமாப்பா?"

"நெஜம்தான்."

"எவ்ளோ நேரம் அந்த அக்காவ நிக்க வச்ச?"

தெரியவில்லை என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.