கசக்காத வேப்பிலை

'கட்டிப்பால்' சாக்கின் நாற்றத்தை அறியாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மரத்தடி 'மங்கு'க் கிண்ணத்தில் உறைந்துபோன ரப்பர் பாலையும், வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியதையும் உரித்தெடுத்து நாள்கணக்கில் அடைத்து வைத்த சாக்கு அது; செத்த எலியும் புளித்த மாவும் ஒன்றாய்க் கிடப்பது போல் மூக்கைத் துளைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போவுக்குத் தென்மேற்கே லகாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, அப்பாவின் வாசனை என்றால் அந்த நாற்றம்தான்.

எனக்கு ஒன்பது வயதான அந்த மழைக்காலம் முழுக்க, லயம் என்ற எங்கள் கூலி வீட்டு வரிசையின் பிள்ளைகளுக்குள் ஒரே வழக்கு: உலகத்திலேயே விஷம் அதிகமுள்ள ஜந்து எது? ஆளுக்கொரு ஜந்துவைத் தத்தெடுத்துக்கொண்டு, அதற்காகத் தலைமயிரைப் பிடித்து இழுக்கும் அளவுக்குச் சண்டை போட்டோம். நான் ராஜநாகத்தின் கட்சி. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, என் வயசுக்காரி, எல்லாரையும் விட்டுவிட்டுப் பூரானைப் பிடித்துக்கொண்டு, "பூரானுக்கு நூறு காலு, காலுக்குக் காலு விஷம்" என்று சாதிப்பாள். பூரான் கடித்து எவராவது செத்திருக்கிறார்களா என்று கேட்டால், "நீ பாத்தியா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அப்பா பால் வெட்டும் மரவரிசைக்கு, அவர் 'நெரை'க்கு, கஞ்சி கொண்டுபோனபோதும் பாதி வழிவரை அவளோடு அதே பேச்சுதான். அப்பா கஞ்சியைக் குடித்து முடித்ததும் வழக்கம்போல் நான் வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். கை மடித்ததே தவிர, மனமெல்லாம் பொன்னம்மாவை மடக்குவதற்கான பதிலைத் தேடிக்கொண்டிருந்ததால் சுண்ணாம்பை எவ்வளவு வழித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு மெல்லு மென்ற அப்பா அப்படியே துப்பிவிட்டு, "நாக்கை வேக வச்சுட்டியே, புள்ள! எந்த லோகத்துல இருக்கே?" என்று கண்ணில் நீர் வரத் திட்டினார். வாயைக் கொப்பளித்துவிட்டு, மீதிக் கட்டிப்பாலை அமுக்கிவைக்கச் சாக்குக்குள் கைவிட்டவர், ஐயோ என்று அலறிக்கொண்டு கையை உதறினார். வலது கை ஆள்காட்டி விரலில், அருகருகே, சிவப்பாய் இரண்டு புள்ளிகள்.

பக்கத்து நெரைக்காரர்கள் அப்பாவை லயத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கை வீங்கிப் புடைத்துவிட்டது. மருந்து கொடுக்கும் 'டிரசர்' அன்று பார்த்து நோயாளிகளோடு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அப்பாவைச் சுற்றி நின்ற ஆண்கள் எங்கள் வழக்கையே பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் கட்டுவிரியன் என்றார், இன்னொருவர் நட்டுவாக்காலி என்றார். கங்காணி குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க. ராஜநாகந்தான்" என்றார். அந்த நொடியில், அப்பா நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது, நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகுதான் கோயில் வேம்பிலிருந்து இலை பறித்து வந்தார்கள். பாம்பு விஷம் உடம்பில் பரவியவனுக்கு வேப்பிலை கசக்காது என்பது எங்கள் சனங்களின் தீராத நம்பிக்கை. ஒரு பிடி இலையை அப்பாவின் வாயில் திணித்து, "கசக்குதா?" என்று கங்காணி கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலீங்களே..."

இன்னொரு பிடி. அப்பா மென்றார், பிள்ளையைப் போல் அழுதார், "இல்லீங்க, தெரியல" என்றார். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஏன் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லி அவர்கள் நிறுத்திவிட, கடித்தது நிஜமாகவே ராஜநாகமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்ததாகப் பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டதுண்டு. நிஜத்தில் நான் பயந்தது அம்மாவின் அடிக்குத்தான். "தலைக்கு ஏறுறதுக்கு முன்னே விரலை எடுத்துடணும், ஆளாச்சும் மிஞ்சும்" என்றார் கங்காணி. விறகு பிளக்கும் கட்டையை இழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். காடு வெட்டும் பாராங்கத்தி ஒரே வெட்டுதான் விழுந்தது.

அதற்குப் பிறகுதான், நாகம் இன்னும் உள்ளே கிடக்குமோ என்று, வாயைக் கட்டி எடுத்துவந்த சாக்கை முற்றத்தில் கொட்டினார்கள். கட்டிப்பாலோடு கட்டிப்பாலாக, ஒரு சாண் நீளத்துக்குக் கருஞ்சிவப்பில் ஒரு பூரான் நெளிந்தோடியது. பொன்னம்மா என்னைப் பார்த்தாள். ஜெயித்த சந்தோஷம் அவள் முகத்தில் துளியும் இல்லை; ஓவென்று அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

ஆள்காட்டி விரல் இல்லாமல் பால்வெட்டுக் கத்தி பிடிபடாது. அப்பாவைப் புல் வெட்டப் போட்டார்கள், அவர் நெரையில் அம்மா இறங்கினாள். சாகும்வரை அப்பாவுக்கு வெற்றிலை மடித்தவள் நான்தான். வேறு யார் மடித்தாலும் வாங்கமாட்டார். அருகில் ஒருவரும் இல்லாத வேளைகளில் மட்டும், என் முகத்தைப் பார்க்காமல், "சுண்ணாம்பு பாத்துத் தடவு, ஆத்தா" என்பார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பயத்தில் மறந்து போய் அப்புறம் நினைவு வந்ததா, அல்லது அந்தக் கட்டையின் மேல் கை இருந்தபோதே தெரிந்தும், நான் அடிபடுவேன் என்று வாயை மூடிக்கொண்டாரா? நான் கேட்டதேயில்லை.

லயம் இருந்த மேட்டில் இப்போது கல்வீடுகள் நிற்கின்றன. பால் மரமும் இல்லை, கோயில் வேம்பும் இல்லை, அந்த நாற்றமும் இல்லை. போன வாரம் ஈப்போவில் என் வீட்டு வாசலில் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எதற்கு விஷம் அதிகம் என்று அதே சண்டை. சின்னவள் ஒருத்தி மட்டும் பூரான் என்றாள். மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவர்கள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்கள். ஏன் பாட்டி என்று அந்தச் சின்னவள் கேட்டாள். நான் வெற்றிலைத் தட்டை இழுத்து, சுண்ணாம்பைப் பார்த்துப் பார்த்துத் தடவத் தொடங்கினேன்.